வெள்ளிக்கிழமைப் புத்தகம்

நாற்பத்தாறு வயதில் எனக்குப் படிப்புப் பைத்தியம் பிடித்தது. எங்கள் சனம் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய அஜின்கோர்ட்டில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் பத்தொன்பது வருடமாக மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். வருடத்துக்கு இரண்டு பிள்ளைகளாவது வாசிக்கத் தெரியாமலே என் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்புக்குப் போகும். நானும் முதுகில் தட்டி, கொப்பியில் நட்சத்திரம் ஒட்டி அனுப்பிவைப்பேன். அந்த வெட்கம் தாங்காமல்தான் வாசிப்பு நிபுணர் ஆவதற்கான முதுமாணிப் படிப்பில் சேர்ந்தேன். கிழமையின் ஏழு நாளில் இரண்டு பின்னேரம் வகுப்பு. கூடப் படித்தவர்கள் எல்லோரும் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்கள். "வேரோனிக்கா, உங்களுடைய அனுபவம் பெரிய சொத்து" என்பார்கள். கிழவி என்பதை மரியாதையாகச் சொல்கிற முறை அது.

இரண்டாம் வருடத்தில் ஒரு பிள்ளையைத் தெரிந்தெடுத்து, பன்னிரண்டு கிழமை தனியாக வாசிக்கப் பழக்கி, தொடங்கும்போது எங்கே நின்றது, முடியும்போது எங்கே வந்தது என்று அறிக்கை எழுதவேண்டும். நான் எடுத்தது என் வகுப்புச் சுபாங்கியை. எட்டு வயது. வாய் ஓயாது. பெடியன்களை நடித்துக் காட்டி முழு வகுப்பையும் சிரிக்க வைப்பாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் அந்த வாய்க்கு யாரோ பூட்டுப் போட்டுவிடுவார்கள்.

அவளுடைய பெயர் ஏற்கெனவே ஒரு பட்டியலில் இருந்தது. ஒரு பிள்ளைக்கு வாசிப்பு ஏன் ஏறவில்லை என்று முழுதாகப் பரிசோதிக்கும் உளவியலாளர் எங்கள் பாடசாலையில் வருடத்துக்கு நாலு பிள்ளைகளைத்தான் பார்ப்பார். காத்திருப்பவர்கள் முப்பது பேர். அவருடைய அறிக்கை இருந்தால்தான் பிள்ளைக்குத் தனி ஆசிரியர், மேலதிக நேரம் எல்லாம் உரிமையோடு கேட்டு வாங்கலாம். சுபாங்கி இரண்டு வருடம் காத்திருந்து மூன்றாம் இடத்துக்கு வந்திருந்தாள். ஜூன் மாதத்தில் அவளுடைய முறை.

வெள்ளிக்கிழமைகளில் அவளை நான் அளக்கவேண்டும். மெல்லிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொடுப்பேன். அவள் சத்தமாக வாசிக்க, சரியான சொல்லுக்குச் சரி, பிழைக்குப் பிழை என்று ஒவ்வொரு சொல்லாக அடையாளமிடுவேன். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரியென்றால் அடுத்த படி. எங்கள் பேராசிரியை முதல் நாளே சொன்ன விதி ஒன்று உண்டு: பிள்ளை முன்பு பார்த்த புத்தகத்தில் எடுக்கிற புள்ளி, புள்ளியே அல்ல. நான் அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன்.

முதல் வெள்ளி, சுபாங்கி ஒரு சொல்லை வாசித்துவிட்டுக் கதவைப் பார்த்தாள். இரண்டாம் வெள்ளி, தண்ணீர் குடிக்கப் போனவள் திரும்பி வரவில்லை. மூன்றாம் வெள்ளி அழுதாள். என்னுடைய தாளில் ஒரு சரிகூட இல்லை.

அடுத்த நாள் தமிழ்க்கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது அவளுடைய தாய் வந்தாள். பெயர் பேபி. வீட்டுச் செல்லப்பெயர் அல்ல, கடவுச்சீட்டிலும் அதுதான்.

"ரீச்சர், வெள்ளிக்கிழமை எண்டாலே பிள்ளை வயித்துக்குத்து எண்டு படுக்கிறாள். வாற கிழமை என்ன புத்தகம் எண்டு சொன்னீங்கள் எண்டால் வீட்டில ஒருக்காப் பழக்கி விடுவன்."

"அது முதலே காட்டுறதில்லை, பேபி."

"தெரியும் ரீச்சர். நீங்கள் எண்டபடியால்தான் கேக்கிறன்."

நாங்கள் 'கெஸ்'ஸில் வளர்ந்த சனம். சோதனைக்கு முன்பு ரியூசன் வாத்தியார் எந்தக் கேள்வி வரும் என்று கெஸ் கொடுப்பார். கொடுக்காத வாத்தியாரிடம் பிள்ளைகள் போகமாட்டார்கள். அதை யாரும் களவு என்று சொன்னதில்லை, அக்கறை என்றுதான் சொன்னார்கள். திங்கட்கிழமை புத்தகத்தை ஒரு கடித உறைக்குள் வைத்துச் சுபாங்கியின் பையில் போட்டேன். பயம் தெளியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் அறிக்கைக்கும் ஒரு நல்ல வெள்ளிக்கிழமை தேவைப்பட்டது என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த வெள்ளி அவள் வாசித்தாள். நாய் குரைக்கிற இடத்தில் குரைத்தாள், கேள்வி வருகிற இடத்தில் குரலை உயர்த்தினாள், ஒவ்வொரு சொல்லுக்குக் கீழும் விரலை நகர்த்தினாள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. நான் எழும்பி அவளைக் கட்டிப்பிடித்தேன். அந்தச் சந்தோசம் உண்மையானது, அதை இன்றைக்கும் மறுக்கமாட்டேன். அதன்பிறகு ஒவ்வொரு திங்களும் ஒரு உறை போனது. ஒவ்வொரு வெள்ளியும் ஒரு படி ஏறியது.

மதிய இடைவேளைகளில் எழுத்துக் கட்டைகளை வைத்து ஒலிகளைச் சேர்க்கப் பழக்கினேன். அங்கே அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். நேற்று ஒட்டிய எழுத்து இன்றைக்குக் கழன்றுவிடும். கட்டை விளையாட்டு அவளுக்குச் சலிக்கிறது என்று குறிப்பில் எழுதினேன். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரிக் கிடக்கிறவனை எழுப்ப முடியாது. நான் முதுமாணிப் படிப்போடு படுத்துக் கிடந்தேன்.

மே மாதம் பாடசாலை அதிபர் கூட்டம் வைத்தார். பேபி ஒரு டப்பா நிறைய வடை சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். என்னுடைய வரைபடத்தைப் பார்த்து அதிபரின் கண் விரிந்தது. ஒன்பது கிழமையில் ஆறு படி. இப்போது வயதுக்கேற்ற வாசிப்பு. இவளுக்கு இனிப் பரிசோதனை அவசியமா, இந்த இடத்துக்காக வேறு பிள்ளை காத்திருக்கிறதே என்று கேட்டார். பட்டியலிலிருந்து பெயரை எடுக்கும் தாளில் நான் பெருமையோடு கையெழுத்து வைத்தேன். பேபியும் வைத்தாள். வெளியே வந்ததும் என்னுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சாகும்வரைக்கும் மறக்கமாட்டன் ரீச்சர்" என்றாள். ஒரு வாசிப்பு நிபுணருக்கு இதைவிட என்ன வேண்டும் என்று காரில் ஏறும்போது நினைத்தேன். என் மண்டைக் கனத்துக்கு அந்தக் கார் நகர்ந்ததே பெரிய காரியம்.

கடைசி வெள்ளி ஜூன் நடுவில் வந்தது. புத்தகம் ஒரு குடும்பம் ஏரிக்கரைக்குப் போகிற கதை. யாரோ ஜூஸ் ஊற்றியிருக்கவேண்டும், நடுவில் இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன. சுபாங்கி அது தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் புரட்டினாள். படத்தில் படகு, தண்ணீர், வாத்து. அவள் விரலை நகர்த்தி நகர்த்தி, அம்மா குசினியில் பாணுக்கு வெண்ணெய் பூசுவதை வாசித்தாள். பக்கம் முடியும்வரை பூசினாள். ஒரு சொல்கூடப் பிழையில்லை.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். அலுமாரியிலிருந்து அவள் பார்த்திராத ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து முன்னால் வைத்தேன். முதலாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பது. பக்கத்துக்கு ஒரு வரி. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மிஸ், திஸ் வன் நீங்கள் அம்மாட்டக் குடுக்கேல்லை" என்றாள். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நான் ஏதோ மறந்துபோனேன் என்று ஞாபகப்படுத்தினாள், அவ்வளவுதான்.

அதிபரிடம் ஓடினேன். காலில் செருப்பு இருந்ததோ தெரியாது. அவளுடைய இடம் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்குப் போய், அந்தப் பிள்ளைக்கு அந்தக் கிழமையே பரிசோதனை முடிந்திருந்தது. செப்டெம்பரில் திரும்பவும் பெயரைக் கொடுக்கலாம், பட்டியலின் கடைசியில் போடலாம் என்றார். ஆனால் பேபி குடும்பம் ஓகஸ்டில் பிக்கரிங்கில் வாங்கிய புதுவீட்டுக்குப் போகிறது. அது வேறு கல்விச் சபை, அங்கே எல்லாம் முதலிலிருந்து. கூடப்போவது என்னுடைய அறிக்கை மட்டுந்தான். ஏன் இப்படிக் கேட்கிறீர்கள், ஏதாவது பிழையா என்று அதிபர் கேட்டார். இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றேன்.

அன்று பின்னேரமே பேபி வீட்டுக்குப் போனேன். கோப்பைகளைப் பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சுபாங்கி மேல்மாடியில் இருந்தாள். நான் நேரே சொன்னேன்.

"பேபி, பிள்ளை வாசிக்கேல்லை. பாடமாக்கிச் சொல்லுது."

அவள் சுற்றுவதை நிறுத்தவில்லை. "ஓம் ரீச்சர்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தானே பாடமாக்கினனான். பள்ளிக்கூடத்தால வந்த உடன ரெண்டு மணித்தியாலம், வரி வரியாச் சொல்லிக் குடுப்பன். விரல் வைக்கவும் நான்தான் பழக்கினனான்." பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் ரீச்சர், உங்களுக்குத் தெரியாதே?"

நான் மேசையில் கிடந்த கோப்பை ஒன்றை எடுத்துப் பேப்பரில் சுற்றினேன்.

"லிஸ்ற்றில இருந்து பேரை எடுக்கத்தானே நீங்கள் புத்தகம் தந்தனீங்கள்? பரிசோதிச்சுப்போட்டு ஸ்பெசல் கிளாஸில கொண்டுபோய்ப் போடுவினம், பிறகு சாகும்வரைக்கும் அந்தப் பேர்தான். வேற ரீச்சர் எண்டால் தந்திருப்பாவே? எங்கட ஆள், பொம்பிளைப் பிள்ளை எண்டு இரக்கப்பட்டுத் தந்தவ எண்டு நான் வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினனான். நீங்கள் மாதாவைக் கும்பிடுறனீங்கள், நான் சைவம், ரீச்சர். உங்களுக்காகத்தான் கொளுத்தினனான்."

நான் உறையில் வைத்து அனுப்பியதை நான் ஒன்றாக நினைத்தேன், அவள் வேறொன்றாக வாங்கிக்கொண்டாள். அதுகூட முழு உண்மையில்லை. அவள் நினைத்ததற்கும் நான் செய்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தப் பட்டியல் தண்டனை அல்ல, அதுதான் பிள்ளைக்கு இருந்த ஒரே வழி என்று சொன்னேன். எத்தனையோ விதமாகச் சொன்னேன். கடைசியில், அறிக்கையை மாற்றி எழுதப் போகிறேன் என்றேன்.

பேபி கோப்பையை வைத்துவிட்டு எழும்பினாள். "ஐயோ, மாத்தாதேங்கோ ரீச்சர். இவர், பிள்ளையின்ர அப்பா ராகுலன், முந்தி மொக்கு மொக்கு எண்டுதான் பிள்ளையைக் கூப்பிடுவார். நீங்கள் கூட்டத்தில சொன்ன நாளில இருந்து ஒரு நாள் கத்தேல்லை. மடியில வைச்சுக்கொண்டு ரீவி பாக்கிறார். உங்கட காலைப் பிடிக்கிறன்."

அறிக்கையை மாற்றுவதென்றால் அளக்கும் புத்தகங்களை நான்தான் முன்கூட்டியே கொடுத்தேன் என்று எழுதவேண்டும். படிப்பு போகும், வேலைக்கும் விசாரணை வரும். ஒரு தாய் கெஞ்சியதால் மனம் இரங்கினேன் என்று நான் சொல்லலாம். பச்சைப் பொய். அவள் கெஞ்சியது எனக்கு வசதியாக இருந்தது. காலைப் பிடிக்கிறேன் என்று அவள் சொன்னபோது எனக்குள் ஒரு மூச்சு இறங்கியது. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அறிக்கை அப்படியே பேராசிரியைக்கும் பிள்ளையின் கோப்புக்கும் போனது. ஏ பிளஸ் கிடைத்தது. அடுத்த வருட மாணவர்களுக்கு மாதிரியாகக் கொடுக்கலாமா என்று பேராசிரியை அனுமதி கேட்டார், கொடுத்தேன். செப்டெம்பரில் எனக்கென்று ஓர் அறை தந்து, கதவில் வாசிப்பு நிபுணர் என்று பெயர்ப்பலகை மாட்டினார்கள்.

ஒக்டோபர் மாதம் பேபி போன் எடுத்தாள்.

"ரீச்சர், இஞ்சத்த ரீச்சர் முதலே புத்தகம் தரமாட்டாவாம். கேட்டதுக்கு என்னை ஒரு மாதிரிப் பாத்தவ. நீங்கள் ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ."

"பேபி, புத்தகத்தை விடுங்கோ. பிள்ளையைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கோ."

"கேட்டனான் ரீச்சர். நீங்கள் அண்டைக்குச் சொன்னது மண்டைக்குள்ள கிடந்து குடைஞ்சது. வெக்கத்தை விட்டுப்போட்டுப் போய்க் கேட்டனான்." அவளுடைய குரல் இறங்கியது. "பள்ளிக்கூடத்து ஆக்கள் உங்கட றிப்போட்டை எடுத்து மேசையில வைச்சவை. நிபுணர் ஒராள் பன்னிரண்டு கிழமை பாத்து எழுதியிருக்கிறா, இவவுக்கு வாசிக்கத் தெரியும், பரிசோதனை தேவையில்லை எண்டு சொல்லுகினம். பிள்ளை சோம்பேறித்தனத்தில வேணுமெண்டு வாசிக்கிறா இல்லையாம். இவர் திரும்பவும் கத்தத் தொடங்கிட்டார். இப்ப கை நீட்டுறதும் இருக்கு."

நான் கதிரையில் இருந்தேன். இன்றைக்கே எல்லாவற்றையும் எழுதி அனுப்புகிறேன் என்றேன். அப்போது அதைச் சொன்னது மனதார. கடிதம் போய், விசாரணை நடந்து, பிள்ளை அங்கத்தைப் பட்டியலின் கடைசியில் ஏறி, முறை வரும்போது பதினொரு வயதாகியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். பிள்ளையிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"சுபாங்கி, நான் மிஸிஸ் இக்னேசியஸ். கேளுங்கோ அம்மா. பிழை விட்டது நான். உங்களுக்கு வாசிக்கக் கஷ்டம், அது உங்கட குற்றம் இல்லை. நான் உங்கட புது ரீச்சருக்கு அதைச் சொல்லப்போறன்."

தகப்பன் பக்கத்தில் எங்கேயோ இருந்திருக்கவேண்டும், வாயைப் போனோடு ஒட்டவைத்து மெதுவாகச் சொன்னாள்.

"நோ மிஸ். ஐ கேன் றீட். ஐம் ஜஸ்ட் லேசி. பிளீஸ் மிஸ், சொல்லாதேங்கோ."

மொக்கு என்ற பெயர் திரும்பி வராமல் இருக்க, சோம்பேறி என்ற பெயருக்காக ஒரு பிள்ளை என்னிடம் கெஞ்சியது. அவள் போனை வைக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள்.