இழுக்க மட்டும் தெரிந்த எலி

பல் டாக்டரம்மாவின் வலது கையிலிருந்து எலி இறங்கிப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது. முழங்கை மடிப்பில் தோல், பொத்தான் கழன்ற சட்டை போல விலகியது. உள்ளங்கை நீளத்துக்குச் சாம்பல் நிற எலி ஒன்று, ஒரு சொட்டு ரத்தமில்லாமல் வெளியே வந்து, நாற்காலியின் கைப்பிடி வழியாக இறங்கி, அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது. வாயைப் பிளந்து படுத்திருந்தவரால் பார்க்க முடிந்ததே தவிர எதுவும் சொல்ல முடியவில்லை. டாக்டரம்மா இடது கையால் பல்லை எடுத்து முடித்து, பஞ்சு வைத்து, அரை மணி நேரம் துப்ப வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தார். வலது கை கம்பு மாதிரி நீட்டிக்கொண்டே நின்றது. மடங்கவில்லை. நரம்பு டாக்டர் தட்டிப் பார்த்து, படமெடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அந்த இடத்தில் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அது டாக்டரம்மாவுக்கே தெரியும்.

முன்னறையில் பல் மருத்துவம், பின்னறைகளில் குடித்தனம், கீழே மளிகைக்கடை. அந்த வீட்டில் மறுநாள் முதல் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொண்டது. மேஜை இழுப்பறைகள் திறந்து கிடந்தன. ஜன்னல் திரைகள் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தன. சட்டைக் கைகளில் நூல் பிரிந்து தரையில் நீண்டு கிடந்தது. திறந்தவற்றில் ஒன்றுகூடத் திரும்ப மூடப்பட்டிருக்கவில்லை. திருடனென்றால் எதையாவது எடுத்திருப்பான், காற்றென்றால் எதையாவது மூடியிருக்கும் என்று டாக்டரம்மாவின் கணவர் யோசித்து யோசித்து மண்டை காய்ந்தார்.

அவர் அகராதி அச்சிடும் இடத்தில் பக்கம் திருத்துகிறவர். தெருவில் அவருக்குப் பெயரே அகராதிக்காரர்தான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு சொல்லின் விளக்கம் பக்கத்தை மீறி ஒரு வரி வழிந்தால், முதலில் வெட்டுவது அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்ற வரியை. பொருளைத் தேடித்தான் ஆட்கள் அகராதியைத் திறக்கிறார்கள், பூர்வீகத்தைத் தேடியல்ல என்பது அதற்கு நியாயம். அந்தச் செவ்வாய் காலை அவர் கைக்கு வந்த ஆங்கிலச் சொல் மசில். தசை என்பது ஒரு பொருள். பலம் என்பது இன்னொன்று. மிரட்டிக் காரியம் சாதிக்கக் கூட வைத்திருக்கும் அடியாளுக்கும் அதே சொல்தான். பக்கம் வழிந்தது. லத்தீனில் இதற்குச் சின்ன எலி என்று அர்த்தம், கையை மடக்கும்போது தோலுக்கடியில் எலி ஓடுவது போலத் தெரிவதால் அப்படிச் சொல்லியிருக்கலாம் என்ற கடைசி வரியை அவர் அடித்துவிட்டு, டீ குடிக்கப் போனார்.

இது நினைவுக்கு வந்ததும் அவர் அச்சகத்துக்குக் கிளம்பினார். ஓடிப்போய் அந்த வரியை மறுபடி சேர்க்கச் சொன்னார். ஒரு எலிக்காகப் பக்கத்தையே புரட்டிப்போட முடியாது என்றார் அகராதியின் பதிப்பாசிரியை. இவர் தானே வேறு நாலு சொல்லின் விளக்கத்தைச் சுருக்கி இடம் பண்ணிக் கொடுத்தார். வரி ஏறியது, அச்சும் ஆனது. எலி திரும்பவில்லை.

அதற்குள் கீழே மூட்டைகளில் நூல் பிரிவதைப் பார்த்த மளிகைக்கடைக்காரர் மூலைக்கு மூலை எலி மருந்து வைத்திருந்தார். அகராதிக்காரர் போய்க் கெஞ்சினார்.

"மருந்து வைக்காம, பின்ன மெத்தையா போட்டுக் குடுக்கச் சொல்றீங்க?" என்றார் கடைக்காரர். "உங்க வீட்டம்மா எலின்னு அதுக்கு நெத்தியிலயா எழுதி ஒட்டியிருக்கு?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதன் பிறகு அகராதிக்காரருக்குத் தூக்கம் போயிற்று. மருந்து ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றை அவர் வெளியே சொல்லவில்லை. இதயமும் தசைதான். கையிலிருந்து போனது கையோடு நிற்கும் என்று யார் சொல்ல முடியும்? மனைவி தூங்கும்போது நெஞ்சின் மேல் லேசாகக் கையை வைத்துக்கொண்டே கிடந்தார்.

"ஏங்க, கதவுக்குத் தாழ்ப்பாள் மாதிரி எதுக்குக் கையை வச்சிருக்கீங்க?" என்று ஒரு ராத்திரி விழித்துக்கொண்டு கேட்டார் மனைவி.

கணவர் தன் பயத்தைச் சொன்னார். டாக்டரம்மா சிரிக்கவில்லை, பாடம் எடுத்தார். தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. முன்னால் இருப்பது இழுத்தால் கை மடங்கும், பின்னால் இருப்பது இழுத்தால் நீளும். ஒன்று இழுக்கும்போது மற்றதை நீட்டிவிடுகிறது. சுருங்கிய தசை தானாக நீள முடியாது, ஜோடிதான் நீட்ட வேண்டும்.

"இதயத்துக்கு உள்ள வர்ற ரத்தம்தான் ஜோடி. நிரம்பி நிரம்பி நீட்டிவிட்டுக்கிட்டே இருக்கும். அது தனியா இல்ல. வெளிய போனதுதான் தனியா இருக்கு."

அகராதிக்காரர் எழுந்து உட்கார்ந்தார். வீட்டில் எல்லாம் இழுபட்டே கிடந்ததும், எதுவும் மூடப்படாததும் ஏன் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. நீட்டிவிட ஆளில்லாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் அது சுருங்கிக்கொண்டே போகும்.

விடிந்து கடை திறந்த கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து குரல் வந்தது. "சார், இது உங்களுதான்னு பாருங்க."

சர்க்கரை மூட்டைக்குப் பின்னால், மருந்து உருண்டையை ஒட்டி, நெல்லிக்காய் அளவுக்குச் சுருண்டு கிடந்தது. தாடை வரை இறுகிப்போயிருந்ததால் வாயைத் திறக்க முடியாமல் மருந்தைத் தின்னாமல் தப்பியிருந்தது. மூச்சு இருந்தது. அகராதிக்காரர் அதைச் சட்டைப் பையில் வைத்து, படிகளில் மெதுவாக ஏறினார். கடைக்காரரும் கல்லாவை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார்.

முதலில் நேராக நின்ற கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். அந்த நீளத்துக்கு எலி எட்டவில்லை, உருண்டு விழுந்தது. இடம்தான் எலியின் அளவுக்குக் குறுக வேண்டும் என்றார் டாக்டரம்மா. கணவர் அவர் கையைப் பிடித்து, முழங்கையை முழுக்க மடக்கினார். கையின் பின்பக்கம் இருந்த ஜோடி எலி எதிர்த்தது, பிறகு விட்டுக்கொடுத்தது. மடிப்பில் தோல் விலகியது. சுருண்ட எலியை உள்ளே வைத்து, தோலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப நீ நீட்டு. மெதுவா."

டாக்டரம்மா நீட்டினார். பின் எலி இழுக்க இழுக்க, முன் எலி கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்து தன் பழைய நீளத்துக்கு வந்தது. தோல் மூடிக்கொண்டது. பிறகு கை தானாக ஒருமுறை மடங்கியது. முன்னறையில் வீங்கிய கன்னத்தோடு ஒருவர் காத்திருந்ததால் டாக்டரம்மா கை கழுவப் போனார். கடைக்காரர் கீழே போய் மருந்துகளை எடுத்துவிட்டார்.

கையிலிருந்து எலி இறங்கிவிட்டால் செய்ய வேண்டியது இதுதான்: மடக்குவதை இன்னொருவர் செய்ய வேண்டும், நீட்டுவதை அவரவரே செய்ய வேண்டும்.