மல்லிகைப் பெட்டிக்கு அடியில் கறுப்பு வெள்ளை

“கட்டுவிரியன்! அசையாத, ரத்தினம்!”

வடிவேலு போட்ட கூச்சலில், சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிதறினார்கள். அவருடைய பூக்கடைக்குள், காலை விமானத்தில் வந்த மல்லிகைப் பெட்டிகளுக்கு அடியில், கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது.

“ஊர்ப் பெட்டியிலதான் ஏறி வந்திருக்கு. உள்ளே இன்னும் குட்டி கிட்டி இருந்தா? எல்லாத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.”

“போட்டுட்டு? சாயங்காலம் பெருமாள் கோயில்ல கல்யாணம். மாப்பிள்ளை கழுத்துல உங்க துண்டையா போடுறது?” என்றாள் அவர் மனைவி ரத்தினம்மா. நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டுதான் கேட்டாள்.

வனவிலங்கு மீட்புக் குழுவிலிருந்து வித்யா வந்தாள். எட்ட நின்றே டார்ச் அடித்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

“அழகு லா!”

“அழகா? கடிச்சா ஆள் காலிம்மா. ஊர்ல எத்தனை பார்த்திருக்கேன்!”

“அப்ப சொல்லுங்க அங்கிள், கட்டுவிரியனுக்கு வெள்ளை எப்படி இருக்கும்?”

“நூல் சுத்தின மாதிரி மெல்லிசா. ரெண்டு ரெண்டா.”

“இதுல?”

வடிவேலு கழுத்தை மட்டும் நீட்டினார். “விரல் அகலம் இருக்கே…”

“விலாப்பக்கம் இன்னும் விரியுது, பாருங்க. கட்டுவிரியனுக்கு நடுமுதுகுல ஒரு வரிசை பெரிய செதிலா ஓடும். இதுக்கு எல்லாம் ஒரே அளவு.” கொக்கியால் மெல்லத் தூக்கினாள். “கலிஃபோர்னியா கிங்ஸ்னேக். அமெரிக்கப் பாம்பு, விஷம் இல்லை. இங்கே வளர்க்கக் கூடாது. யாரோ ஒளிச்சு வச்சிருந்தது தப்பிச்சிருக்கு. உங்க பூவுல வரலை, ஆன்டி.”

ரத்தினம்மா இறங்கிக் கிட்டே வந்தாள்.

“இதுலயே முதுகு நெடுக ஒத்தைக் கோடு போட்டதும் உண்டு. ஒரே தாய் இட்ட முட்டையில ஒண்ணு பட்டை, ஒண்ணு கோடு,” என்றாள் வித்யா.

“அடியாத்தி! ஒரே தறியில ரெண்டு டிசைனா!” ரத்தினம்மா கண்ணை எடுக்கவில்லை. “எண்ணெய் தேச்ச மாதிரி என்னமா மின்னுது! இத்தனை வருஷம் மாலை கட்டுறேன், என் கைக்கு இப்படி ஒரு வரிசை வரலையே.”

பாம்பு துணிப்பைக்குள் போனது.

“இன்னொரு தரம் காட்டேம்மா,” என்றார் வடிவேலு.

“கட்டுவிரியன்னு கத்தினவரு பேசுறாரு! பெட்டியைப் பிரிங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துடுவாங்க.”

அவர் பிரித்தார். பிரித்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். “நீயே முதல்ல கையை விடு.”

“பயந்தாங்கொள்ளி!”

ரத்தினம்மா முழங்கை வரை கையை விட்டு, மல்லிகையை அள்ளி மடியில் கொட்டினாள்.