தம்பிக்கு ஊற்றிய காப்பி

காப்பிக்கொட்டை வறுப்பவரின் தம்பிக்கு ஊற்றிய காப்பி பதினான்கு வருஷமாகச் சூடாகவே இருக்கிறது. கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டின் சமையலறை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், விளிம்பு உடைந்த பீங்கான் கோப்பையில் அது ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது. முதல் மாதம் தெருவே திரண்டு வந்து பார்த்தது. எதிர்க்கடைத் தையல்காரர் விரலை விட்டுச் சுட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையின் பால் புட்டியை அதன்மேல் சாய்த்துச் சூடாக்கிக்கொண்டு போனாள். அரசாங்க ஆள் ஒருவர் வெப்பமானியோடு வந்து அறுபத்தெட்டு டிகிரி என்று குறித்துக்கொண்டார். மறுவாரமும் வந்து அதையே குறித்தார். பிறகு மழை பொய்த்துக் கொட்டை விலை ஏறியது, பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

தம்பி அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். பெற்றவர்கள் போனபின் அண்ணன்தான் வளர்த்தார். அண்ணியும் வந்து சேர, மூன்று பேருமாக அந்தக் கடையை நடத்தினார்கள். வறுப்பது அண்ணன் கை, ருசி பார்ப்பது தம்பி நாக்கு. ஒவ்வொரு வறுவலிலும் முதல் கோப்பை அவனுக்குத்தான். ஒரு வாய் குடித்து அவன் தலையாட்டினால்தான் மூட்டை கட்டுவார்கள். ஆட்டாவிட்டால் வறுவல் முழுவதும் மலிவு விலைக்குப் போகும். "தலையை ஆட்டாமலே என்னைத் தெருவுல நிறுத்திடுவடா" என்று அண்ணன் திட்டுவார். உள்ளுக்குள் பெருமை தாங்காது.

முப்பத்தோராம் வயதில் தம்பிக்குக் கண் மஞ்சளித்தது. கல்லீரல் கெட்டிருக்கிறது என்றார்கள். ஒரு சொட்டுச் சாராயம் தொடாதவன். ஆனாலும் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? டாக்டர்கள் மாத்திரை எழுதினார்கள், காப்பியைப் பற்றி வாயே திறக்கவில்லை. பொடி வாங்க வந்த யாரோ ஒருவர்தான், காப்பி பித்தம், பித்தம் ஈரலுக்கு ஆகாது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் அதை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் காப்பி விற்கிறவர், தன் தம்பிக்கு மட்டும் அது விஷம் என்று முடிவு கட்டினார். முகர்ந்து பார்க்கலாம், வாயில் வைக்கக் கூடாது. மூன்று வருஷம் தம்பி கோப்பையை முகர்ந்து தலையாட்டினான். அண்ணன் அதை வாங்கிக் குழாயடியில் கொட்டினார். எல்லாம் அன்புதான். அது தெரிந்ததால்தான் அவனும் பேசாமல் இருந்தான்.

கடைசி வாரத்தில் ஒருநாள், மாலை நாலு மணிக்கு, படுக்கையிலிருந்தபடியே கேட்டான்: "அண்ணி, ஒரு வாய் காப்பி தாங்க. மோந்து மோந்து மூக்கே அலுத்துப்போச்சு." அண்ணிக்கு மனசு கேட்கவில்லை, போட்டுக்கொண்டு வந்தாள். வாசலிலேயே அண்ணன் கோப்பையை வாங்கிக்கொண்டார். "உடம்பு தேறட்டும்டா, நானே போட்டுத் தர்றேன்" என்று சொல்லி, கொட்ட மனமில்லாமல் அலமாரியில் வைத்தார். வறுவல் சரியாக வந்திருந்தால் ஆட்டுவதுபோலவே தம்பி தலையாட்டினான். ஐந்தாம் நாள் இறந்துபோனான். வந்தவர்களெல்லாம் போன பிறகு, அலமாரியைத் துடைக்கப் போன அண்ணி கையைச் சுட்டுக்கொண்டாள்.

பதினோரு வருஷம் கழித்து, வாரா வாரம் கால் கிலோ பொடி வாங்கும் இளம் டாக்டரம்மா அரவைக்காகக் காத்திருந்தபோது பேச்சு வாக்கில் சொன்னாள்: "தினம் காப்பி குடிக்கிறவங்களுக்கு ஈரல் நோய் கொஞ்சம் குறைவா வர்றதா ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. மருந்துன்னு சொல்ல முடியாது. நல்லது செய்யலாம்."

அவர் இயந்திரத்தை நிறுத்தினார். தம்பியின் கதையைச் சொன்னார். "குடுத்திருந்தா பொழைச்சிருப்பானாம்மா?"

"அப்படிச் சொல்ல மாட்டேங்க. வியாதி முத்தியிருக்கு. ஆனா, அந்த ஒரு கப் அவரை ஒண்ணும் கெடுத்திருக்காது."

முன்பாதியோடு அவள் நிறுத்தியிருந்தால் அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். கடையைப் பாதியில் சாத்திவிட்டு உள்ளே போனார்.

"எனக்குத் தெரியாம நீ எப்பவாவது அவனுக்கு ஒரு வாய் குடுத்திருப்பே, இல்ல?" என்று மனைவியைக் கேட்டார். ஆமாம் என்று அவள் ஒரு பொய் சொன்னால் போதும் என்றிருந்தது.

"குடுக்கலைங்க. எத்தனையோ தடவை கேட்டான். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

அவர் அலமாரிக்குப் போய்க் கோப்பையை எடுத்து உதட்டருகே கொண்டுபோனார்.

"அது உங்களுக்குப் போட்டதில்லைங்க" என்றாள். குரலில் கோபமில்லை. அவர் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

அதன்பின் தினமும் நாலு மணிக்குத் தன் காப்பியோடு அதன் எதிரே உட்காருகிறார். அவருடையது ஆறி ஆடை படியும், தம்பியுடையது ஆறாது. புது வறுவல் இறக்கியதும் ஒரு தட்டில் கொஞ்சம் கொட்டையைக் கொண்டுவந்து கோப்பையருகே வைப்பார். ஆவி மேலும் கீழும் அசைந்தால் மூட்டை கட்டுவார்கள். ஒருமுறைகூட அது தப்பாகச் சொன்னதில்லை, வாடிக்கையும் கூடியிருக்கிறது. போன மாதம் தட்டை வைத்துவிட்டு, மனைவி அந்தப் பக்கம் போன நேரமாகப் பார்த்து, "அன்னிக்கு நான் செஞ்சது சரியாடா?" என்று மெதுவாகக் கேட்டார். ஆவி அசையாமல் நேராக நின்றது. வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். அன்றைய வறுவலை மலிவு விலைக்குக் கொடுத்துவிட்டார்கள்.