சும்மா இருக்கும் அணி

என் கணவரைப் போல ஒழுங்காகச் சும்மா இருக்கத் தெரிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. இதைப் பெருமையில் சொல்கிறேனா, வயிற்றெரிச்சலில் சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

விஷயம் இதுதான். கெட்டில்பெல் என்று ஒன்று இருக்கிறது. இரும்புக் குண்டுக்குக் கைப்பிடி வைத்த மாதிரி இருக்கும். அதை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பை உதறி, கால்களுக்கு நடுவிலிருந்து மார்பு உயரம் வரை வீச வேண்டும். பார்க்க எடை தூக்குவது போலத்தான் இருக்கிறது, ஆனால் மூச்சு வாங்குவதோ ஓடி வந்தவர்களைப் போல. அப்படியானால் இதயத்துக்கும் இதனால் பலன் உண்டா? நாற்பதைத் தாண்டிய, உடற்பயிற்சி இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காத ஆட்களுக்கு? இதுதான் என் ஆராய்ச்சி. நாலு வருஷமாக இதோடுதான் மாரடிக்கிறேன்.

ஓர் அணி மூன்று மாதம் குண்டு வீசும். இன்னோர் அணி ஒன்றும் செய்யாமல் எப்போதும் போல இருக்கும். இந்தச் சும்மா இருக்கும் அணிக்குக் கன்ட்ரோல் என்று பெயர். ஆரம்பத்திலும் கடைசியிலும் எல்லோருக்கும் முகமூடி மாட்டி, சைக்கிள் மிதிக்கவிட்டு, உடம்பு எவ்வளவு ஆக்சிஜனை எரிக்கிறது என்று அளக்க வேண்டும். அதிகம் எரித்தால் இதயம் பலமாக இருக்கிறது என்று அர்த்தம். குண்டு வீச ஆள் பிடிப்பதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நடந்தது தலைகீழ். சும்மா இருங்கள் என்று சொன்ன பிறகுதான் ஆட்களுக்குக் கைகால் பரபரத்தது. ஒருவர் விடியற்காலையில் ஓட ஆரம்பித்துவிட்டார். ஓர் அம்மாள் நடன வகுப்பில் சேர்ந்துவிட்டு, "ஆடறதுகூட எக்சர்சைஸா மேடம்?" என்று பச்சைக் குழந்தை மாதிரி கேட்டார். இருவரையும் கழற்றிவிட வேண்டியதாகிவிட்டது.

என் கணவர் ஆரம்பத்திலேயே ஒப்புக்குச் சேர்ந்தவர். ஓர் ஆள் குறைந்தது, அவரை இழுத்துக்கொண்டு போனேன். சொந்தக்காரரைச் சேர்க்கலாமா என்று பேராசிரியரிடம் கேட்டதற்கு, "அவரை நீ அளக்கக் கூடாது, எந்த அணின்னு நீ முடிவு பண்ணக் கூடாது. மத்தபடி எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார். கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டதில் அவர் கன்ட்ரோலில் விழுந்தார். மனிதருக்கு லாட்டரி விழுந்த சந்தோஷம்.

அன்று சாயங்காலமே சட்டம் அமலுக்கு வந்தது. காய்கறிப் பைகளோடு வாசலில் நின்றேன்.

"கொஞ்சம் உள்ள எடுத்து வைங்களேன்."

"வைப்பேன்மா. ஆனா நான் கன்ட்ரோல் ஆச்சே."

"எப்பவும் போல இருக்கணும்னுதானே சொன்னேன்? இதுக்கு முன்னாடி எடுத்து வச்சிருக்கீங்களே."

"எப்பவாவது வச்சிருக்கேன். எப்பவும் வச்சதில்ல."

பைகளை நானே உள்ளே இழுத்தேன். நான் எழுதிய விதி, என் மேலேயே பாய்கிறது. அதற்குப் பிறகு கட்டிலை நகர்த்துவது, மெத்தையைத் திருப்பிப் போடுவது, மின்விசிறி துடைப்பது எல்லாம் அறிவியலின் பெயரால் என் தலையில் விழுந்தன. எங்கள் மகள், "அப்பா, ரிமோட் கொஞ்சம் வெயிட்டா இருக்கு, ஜாக்கிரதை" என்பாள். "அதான் பக்கத்துலயே வச்சுக்கறேன்" என்பார் அசராமல்.

திட்டவும் வழியில்லை. ஓடினவரும் ஆடினவரும் போன பிறகு, கன்ட்ரோல் அணி இருந்தே ஆகவேண்டிய எண்ணிக்கையில் வந்து நின்றது. இனி ஓர் ஆள் கழன்றாலும் ஒப்பிட முடியாது, நாலு வருஷமும் கோவிந்தா. ஆக அவர் சோபாவில் சாய்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கண் எரியும், இன்னொரு கண் கையெடுத்துக் கும்பிடும்.

குண்டு அணியோ வேறு உலகம். அதிலும் தையல்காரம்மா, பல் டாக்டர், டிக்கெட் கவுண்டர் அக்கா, கணக்கு டீச்சர் என்று ஒரு கூட்டணி. முதல் நாள் பலிகடா மாதிரி வந்து நின்ற இந்த நாலு பேரும், மூன்றாம் மாதம் என்னையே விரட்ட ஆரம்பித்திருந்தார்கள். தையல்காரம்மா தன் குண்டுக்கு மாமியார் என்று பெயர் வைத்து ஓங்கி ஓங்கி வீசுவார். பல் டாக்டர் மூச்சு விடும் சத்தத்துக்குக் கீழ் மாடியிலிருந்து புகார் வந்தது. அந்த அறைக்குள் நுழைந்தாலே எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

கடைசி நாள் வந்தது. எல்லோரையும் அளந்தாகிவிட்டது, என் கணவர் ஒருவர்தான் பாக்கி. அளக்கும் மிஷின் வேறு துறையிலிருந்து இரவல் வாங்கியது. அன்று சாயங்காலம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பரிசோதனைக்கு முந்தின நாளிலிருந்தே உடம்பை அலட்டிக்கொள்ளக் கூடாது என்பது விதி. அதில் அவரை யாரும் சந்தேகப்பட முடியாது.

கட்டடத்துக்குள் நுழைந்தால் லிஃப்ட் கதவில் "பழுது" என்று அட்டை தொங்குகிறது. ஆய்வுக்கூடம் நாலாவது மாடியில். பேராசிரியருக்கு போன் போட்டேன்.

"மெதுவா, ஒவ்வொரு படியா ஏத்திக் கூட்டிட்டு வரலாமா சார்?"

"நாலு மாடி ஏறினா நாளைக்குத்தான் அளக்க முடியும். நாளைக்கு மிஷின் இருக்காது. யோசிச்சுக்கோ."

போனை வைத்துவிட்டு அந்த அட்டையை முறைத்தேன். என் கணவர் காவலாளியின் மர நாற்காலியில் நிதானமாக உட்கார்ந்து, "டென்ஷன் ஆகாதே. நான் அசையவே மாட்டேன்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

அப்போதுதான் குண்டு அணி உள்ளே வந்தது. இதயத் துடிப்பை எண்ண மார்பில் கட்டிக்கொள்ளக் கொடுத்திருந்த பட்டைகளைத் திருப்பித் தர நாலு பேரும் கூட்டாகக் கிளம்பி வந்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். தையல்காரம்மா என் கணவரை மேலும் கீழும் பார்த்தார், துணிக்கு அளவெடுக்கிற பார்வை.

"அண்ணே எவ்வளவு இருப்பீங்க?"

"எண்பத்தஞ்சு கிலோ. ஏன்?"

"அப்படியே உக்காந்திருங்க."

நாலு பேரும் நாற்காலியின் நாலு காலையும் பிடித்தார்கள். "இடுப்புலேர்ந்து எழுந்திருங்க! முதுகை வளைக்காதீங்க!" என்று நான் கத்தினேன், வேறென்ன செய்ய? பல் டாக்டர் ஓர் உறுமல் உறுமினார். நாற்காலி கிளம்பிவிட்டது.

முதல் மாடி வரை என் கணவர் "பார்த்து, பார்த்து" என்று சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நாற்காலி ஒரு பக்கமாகச் சாய, சொல்வதை நிறுத்திவிட்டுக் கணக்கு டீச்சரின் தலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "சார், முடியை விடுங்க. இது கைப்பிடி இல்ல" என்றார் டீச்சர். மேலிருந்து இறங்கிய ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று, "பேஷன்டா?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

"இல்லங்க, கன்ட்ரோல்" என்றார் டிக்கெட் கவுண்டர் அக்கா.

சிரித்துச் சிரித்து எனக்கு மூன்றாவது மாடியில் கால் நகரவில்லை. தூக்கியவர்கள் பேசிக்கொண்டே ஏறிப் போய்விட்டார்கள், பை மட்டும் தூக்கிய நான் கைப்பிடிக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தேன். மேலே போய்ப் பார்த்தால் அந்த நாலு பேருக்கும் நெற்றியில் லேசான வியர்வை, அவ்வளவுதான். தொப்பலாக நனைந்திருந்தது நாற்காலியில் வந்தவர். பயத்தில் தாறுமாறாக அடித்த அவர் இதயம் அடங்கும் வரை, பேராசிரியர் அவரைப் படுக்கவைத்துக் காத்திருந்தார்.

பிறகு முகமூடியை மாட்டி சைக்கிளில் ஏற்றினார்கள். எனக்கு உள்ளே அனுமதி இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான், எனக்குப் பின்னால் குண்டு அணி. அவர் மிதித்தார். முகம் சிவந்தது, தோள் குலுங்கியது, கால் தள்ளாடியது. சீக்கிரமே கையை ஆட்டி நிறுத்திவிட்டார். பேராசிரியர் தாளோடு வெளியே வந்தார்.

"போன தடவையைவிட நல்லாவே குறைஞ்சிருக்கு. குண்டு வீசினவங்களுக்கு ஏறியிருக்கு, சும்மா இருந்தவங்களுக்கு இறங்கியிருக்கு. வித்தியாசம் பளிச்சுன்னு தெரியுது. உன் ஆராய்ச்சி பொழைச்சுது."

நான் குதித்தேன். கூச்சநாச்சமே இல்லாமல் குதித்தேன். தையல்காரம்மாவைக் கட்டிக்கொண்டு சுற்றினேன், பல் டாக்டர் விசிலடித்தார். சுற்றுகிற சுற்றில் கண்ணாடிக்குள் பார்த்தேன். முகமூடி அழுத்திய தடம் முகமெல்லாம் பதிந்திருக்க, சைக்கிளின் கம்பி மேல் கவிழ்ந்து இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் குதிப்பதைப் பார்த்து, நல்ல மார்க் வாங்கிவிட்டதாக நினைத்து, கட்டை விரலை உயர்த்திச் சிரித்தார்.

குறைந்திருப்பது யாருடைய இதயத்தின் பலம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

"பாஸா?" என்றார், மூச்சுக்கு நடுவில்.

"குறைஞ்சிருக்கு."

"குறைஞ்சா நல்லதா?"

"எனக்கு நல்லது. உங்களுக்கு இல்ல." சைக்கிள் பக்கத்தில் நின்றபடியே அழுதேன்.

"ஏய், என்ன இது? உயிரோடதானே இருக்கேன்." என் கையைப் பிடித்தார். "சோபா விஷயத்துல உன்னைக் கொஞ்சம் ஏய்ச்சேன், நெஜம்தான். ஆனா பஸ் கிளம்பறப்பகூட ஓடிப் பிடிக்கல, தெரியுமா? அடுத்த பஸ்ஸுக்கு நின்னு, ஆபீஸ்ல லேட்டுன்னு திட்டு வாங்கினேன். ஓடினா உன் கணக்கு கெட்டுடுமோன்னு பயம்."

இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்து, மூக்கு ஒழுகி, பேராசிரியர் பஞ்சை எடுத்து நீட்டும்படி ஆயிற்று.

ஆராய்ச்சி முடிந்ததும் கன்ட்ரோல் ஆட்களுக்கும் பயிற்சி உண்டு என்று முன்பே பேசியிருந்தோம். தையல்காரம்மா காத்திருக்கவில்லை. இருப்பதிலேயே சின்ன குண்டைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தார்.

"நாளைக்கு வீசலாம்ணே. இன்னிக்குச் சும்மா தூக்கிப் பாருங்க."

அவர் இறங்கினார். குனிந்து கைப்பிடியைப் பிடித்தார். தூக்காமல் அப்படியே நின்று என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப என் நம்பர் ஏறினா உன் ஆராய்ச்சிக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"ஒண்ணும் ஆகாது. ஏறட்டும்" என்றேன். "எவ்வளவு வேணும்னாலும் ஏறட்டுங்க."

"அப்ப சரி" என்று தூக்கினார்.