அப்பச்சி பிறந்த வீடு

கொழும்பில் கொள்ளுப்பிட்டியைத் தாண்டியதும் கடல் தண்டவாளத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வரும் என்று குமரப்பன் எதிர்பார்க்கவில்லை. பாறையில் மோதிச் சிதறிய அலை, கதவோரம் நின்றவர்களின் முகத்தில் தெறித்தது. அவர் தோள்பையிலிருந்து கேமராவை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார். பக்கத்தில் நின்றிருந்த இளைஞன் அவரைத் திரும்பிப் பார்க்காமல், கடலைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் சொன்னான்.

"ஐயா, இதில நிண்டு படம் எடுக்காதேங்கோ."

பெட்டியின் மறுகோடியில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் நின்றிருந்தான். குமரப்பன் கேமராவைப் பைக்குள் வைத்தார். பயத்தினால் அல்ல, அந்தக் குரலில் இருந்த மரியாதைக்காக.

தேவகோட்டைப் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர் அவர். இந்த இலங்கைத் தீவைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறார், வந்து பார்த்ததில்லை. தந்தை இறந்த பிறகுதான் போயே தீருவது என்ற எண்ணம் வந்தது. "சண்டை நடக்கற நாட்டுக்குத் தனியாவா போவாக?" என்று மனைவி ரமணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வடக்கேதான் சண்டை, ரயில்கள் ஓடுகின்றன, கொழும்பில் கடைகள் திறந்திருக்கின்றன என்று கிளம்பிவிட்டார். முதலில் மலைநாட்டில் பதுளைவரை ரயிலில் போய்த் திரும்பியிருந்தார். வழியெங்கும் சோதனை. மற்றவர்கள் இறங்கி வரிசையில் நின்று பைகளைக் கொட்டிக் காட்டும்போது, அவருடைய பாஸ்போர்ட்டை மட்டும் புரட்டிவிட்டு "இந்தியா! கிரிக்கெட்!" என்று சிரித்து வழிவிட்டார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. மலையிலிருந்து கொழும்புக்கு இறங்கி வரும்போது, யாரும் கேட்குமுன்பே பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டும் அளவுக்கு அது அவருக்குப் பிடித்தும்போயிருந்தது.

இளைஞனின் பெயர் சிவபாலன். கிளிநொச்சிக்காரன். தெஹிவளையில் ஒரு தொலைபேசிக் கடையில் வேலை, வெள்ளவத்தையில் வாடகை அறை. குமரப்பன் சட்டைப்பையிலிருந்து பழைய புகைப்படம் ஒன்றை எடுத்துக் காட்டினார். தூண்கள் வைத்த முகப்பு, செதுக்கு வேலை செய்த பெரிய நிலைக்கதவு, பின்னால் தென்னைகள்.

"எங்க அப்பச்சி, அதாவது எங்க அப்பா, பொறந்த வீடு தம்பி. வெள்ளவத்தையில கடல் பக்கமாப் போற சந்துல இருந்துச்சுன்னு சொல்வாக. இருக்கா, இடிச்சுட்டாகளான்னு தெரியல."

சிவபாலன் படத்தை வாங்கவில்லை. குனிந்து பார்த்தான், பார்வை அந்தக் கதவில் நின்றது.

"இருக்குது ஐயா. ஆனா இப்ப அது வீடில்லை. விட்டிடுங்கோ. எங்கட இடத்துக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

"கடல் தாண்டி வந்துருக்கேன். தூர நின்னு ஒரு தடவ பாத்துட்டு வந்துர்றேன். எங்கேன்னு மட்டும் சொல்லுங்க."

சிவபாலன் மனைவிக்கு ஃபோன் செய்து, இந்தியாவிலிருந்து ஒருவர் வருகிறார், தேத்தண்ணிக்குத் தண்ணீர் வை என்றான். வெள்ளவத்தையில் இறங்கி நடந்தபோது, வழியை மட்டும் அவன் சொல்லி அனுப்பியிருக்கலாம். தனியாகப் போனால் தப்பாகிவிடும் என்று சந்து முனைவரை வந்தான். அங்கே மணல்மூட்டைகளும் முள்கம்பியும் தெரிந்ததும் நின்றான்.

"உதுதான். நிக்காம நடந்துகொண்டே பாருங்கோ."

தூண்கள் அப்படியே இருந்தன. முகப்பில் சிங்களத்தில் ஒரு பலகை, கீழே ஆங்கிலத்தில் போலீஸ் என்றிருந்தது. நிலைக்கதவின் மேல் செதுக்கியிருந்த கஜலட்சுமியின் இரண்டு யானைகளில் ஒன்றைப் பலகை மறைத்திருந்தது. மற்ற யானை துதிக்கையை உயர்த்தியபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த யானைகளைப் பற்றி அப்பச்சி சொல்லாத நாளில்லை. குமரப்பன் நின்றுவிட்டார். தன் கை பைக்குள் போனதோ, கேமரா வெளியே வந்ததோ அவர் நினைவில் இல்லை. சிவபாலன் "ஐயா!" என்றது கேட்டது. அதற்குள் கேமரா கிளிக்கென்றது. மணல்மூட்டைக்குப் பின்னாலிருந்து யாரோ சிங்களத்தில் கத்தினார்கள்.

சிவபாலன் ஓடவில்லை. இரண்டு கைகளும் தெரியும்படி அசையாமல் நின்றான். அப்படி நிற்பது அவனுக்குப் பழக்கம் என்பது பார்த்தாலே தெரிந்தது.

உள்ளே இன்ஸ்பெக்டர் மிக நல்லவிதமாக நடந்துகொண்டார். வவுனியாவில் வேலை பார்த்தபோது பழகிய தமிழ் அவரிடம் கொஞ்சம் இருந்தது. பாஸ்போர்ட்டைப் புரட்டினார், பழைய புகைப்படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"உங்க அப்பா வீடா மாஸ்டர்? சந்தோஷம். வாங்க, காட்டுறன்."

முற்றத்தையும் தூண்களையும் அவரே முன்னால் நடந்து காட்டினார். இப்படி மரம் இப்போது கிடைக்காது என்று தூணைத் தட்டிச் சொன்னார். வீட்டின் பின்கோடியில், கிணற்றடிக்குப் பக்கத்தில் ஓர் அறை. அதன் ஜன்னல் கடலைப் பார்த்திருக்கும், அங்கேதான் பிறந்தேன் என்று அப்பச்சி சொல்லியிருந்தார். ஜன்னல் இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள், பூச்சுக்கூடப் பூசவில்லை. கதவில் புதுப் பூட்டு. வாசற்படி கழுவிவிடப்பட்டு ஈரமாக இருந்தது.

"அது ஸ்டோர்" என்றார் இன்ஸ்பெக்டர், அவர் தோளில் கைவைத்துத் திருப்பியபடி. "ஒண்ணும் இல்ல பார்க்க."

குமரப்பன் அவர் திருப்பிய பக்கமே நடந்தார்.

முன்கூடத்துக்கு வந்ததும் கேமராவிலிருந்து அந்தப் படத்தை அழித்துவிட்டுப் பாஸ்போர்ட்டோடு திருப்பிக் கொடுத்தார்கள். சிவபாலனின் அடையாள அட்டை மட்டும் மேசையிலேயே கிடந்தது. அவனைச் சுவரோரம் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்திருந்தார்கள். அவன் குமரப்பனைப் பார்க்கவில்லை.

"நீங்க போகலாம் மாஸ்டர். இவருக்குச் சின்ன விசாரணை. பிறகு அனுப்புவம்."

"தப்பு எம்மேலதான் சார். அந்தத் தம்பி வேணாம்னுதான் சொல்லுச்சு."

"தெரியும், தெரியும்" என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார். "சின்ன விசாரணைதான்."

குமரப்பன் வெளியே வந்தார். கால்கள் அவரைக் கேட்காமலே வேகமாக நடக்கப் பார்த்தன. மறுநாள் காலையில் விமானம். படியிறங்கும்போது ஓர் இளம்பெண் மூச்சிரைக்க எதிரே வந்தாள். வீட்டுச் சட்டையின் மேல் ஒரு துண்டைப் போட்டிருந்தாள். தேத்தண்ணி ஆறிப்போவதைப் பார்த்துக் காத்திருந்து, பிறகு சந்து சந்தாக விசாரித்து வந்திருக்கிறாள். சிவபாலனின் மனைவி ஜெகதீஸ்வரி.

"நீங்கள்தானே அந்த இந்தியா ஐயா? அவர் உள்ளுக்கோ?"

"சின்ன விசாரணைதானாம் அம்மா. அனுப்பிருவோம்னு சொன்னாரு."

"எங்களுக்குப் பக்கத்து அறைப் பெடியனுக்கும் உப்பிடித்தான் சொன்னவை. இரவு ஒரு வெள்ளை வேன் வந்ததாம். அடுத்த நாள் வந்து கேட்டா, அப்பிடி ஒருத்தரை நாங்கள் கூட்டிக்கொண்டே வரேல்லை எண்டினம்." அவள் அழவில்லை. அவர் பையின் வாரை மட்டும் பிடித்துக்கொண்டாள். "ஐயா, போயிடாதேங்கோ. நீங்கள் வெளிநாட்டு ஆள். நீங்கள் பார்த்துக்கொண்டு இருக்குமட்டும் அவரை அங்கால கொண்டுபோக மாட்டினம்."

குமரப்பன் தெருவைப் பார்த்தார். சந்து முனையில் கடைக்காரன் ஒருவன் பட்டப்பகலில் கதவைப் பாதி இறக்கிக்கொண்டிருந்தான். அந்தப் பாதிக்கதவுக்கு அப்பால் பேருந்துகள், மனிதர்கள், விடுதி, ஊர். ஒரு நூறு அடி நடந்தால் போதும். அவள் விரல்களை வாரிலிருந்து எடுத்துவிடவும் முடியும், அவ்வளவு மெலிந்த விரல்கள்.

அவர் திரும்பிப் படியேறினார்.

முன்கூடத்துப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து சிவபாலனின் முழங்கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு கான்ஸ்டபிள் அவருக்கு மட்டும் தேநீர் கொண்டுவந்து வைத்தான். இன்ஸ்பெக்டர் வந்து, உங்கள் விடுதிக்குத் த்ரீவீல் ஆட்டோ பிடித்துத் தரவா என்று கேட்டார். சற்று நேரம் கழித்து மறுபடி வந்தபோது அவர் சிரிக்கவில்லை, "மாஸ்டர்" என்று அழைக்கவுமில்லை. விடுதியின் பெயரையும் அறை எண்ணையும் கேட்டுக்கொண்டு போனார். குமரப்பன் கைகளைத் தொடைகளுக்கடியில் வைத்துக்கொண்டார். பாஸ்போர்ட் ஒரு சின்ன நீலப் புத்தகம்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

வெளிச்சம் குறைந்தது. இலக்கத் தகடு இல்லாத வெள்ளை வேன் ஒன்று சுற்றுச்சுவருக்குள் வந்தது. திரும்பி, பின்கதவு படிக்கட்டுக்கு நேராக இருக்கும்படி மெல்லப் பின்னால் நகர்ந்து நின்றது. இன்ஜினை நிறுத்தவில்லை. யாரும் இறங்கவுமில்லை. உள்ளே ஸ்டூல் நகரும் ஓசை கேட்டது. ஜெகதீஸ்வரி எழுந்து நின்றாள்.

"வீதியில த்ரீவீல் நிக்குது" என்றார் இன்ஸ்பெக்டர், வாசலில் நின்று. "நீங்க இப்ப போகவேணும்."

"எனக்கு அவசரமில்ல" என்றார் குமரப்பன்.

அவர் குனிந்து சப்பாத்துகளின் நாடாவை அவிழ்த்தார். முடிச்சை விடுவிக்க நேரம் பிடித்தது. இரண்டையும் கழற்றிப் பெஞ்சுக்கடியில் ஜோடியாகத் தள்ளிவிட்டு, கால்களைத் தூக்கிச் சப்பணமிட்டு உட்கார்ந்தார். வேனின் பின்விளக்குச் சிவப்பு படிகளேறி, கூடத்துத் தரையில் நீண்டு, அந்தச் சப்பாத்துகளின் மேல் அசையாமல் கிடந்தது.