நான்காம் படுக்கைக்கு ஆறாம் நாள்

விடிகாலை ஐந்து மணிக்கு ஐசியூவில் நோயாளிகளைப் புரட்டும் வேலை தொடங்கும். நான்காம் படுக்கையில் கிடந்த கோவிந்தராசுவை ஆயா அஞ்சம்மாளும் வார்டுபாய் பாவாடையும் இருபுறமும் நின்று விரிப்போடு சேர்த்து இழுத்தார்கள். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இரும்பு தூக்கிய உடம்பு கனத்தது. அஞ்சம்மாளுக்கு இடுப்பு விண்ணென்று தெறித்தது. டயப்பர் இன்றும் சுத்தமாக இருந்தது. வயிற்றைத் தொட்டாள். கல்.

"ஆறு நாளாச்சு பாவாடண்ணே. மனுசன் இன்னும் மோஷன் போவல."

காரணம் இருவருக்கும் தெரியும். மயக்க மருந்தில் கிடப்பவனுக்குக் குடலும் மந்தமாகிவிடும். அதற்காகத்தான் மூக்குக்குழாயில் மலமிளக்கி ஊற்றும்படி டாக்டர் எழுதுகிறார். ஆனால் பன்னிரண்டு படுக்கைக்கு ஆறு பேர் இருந்த இடத்தில் தீபாவளியிலிருந்து இரண்டே பேர். ஒருவருக்குப் போனால் துடைத்துக் கழுவி விரிப்பு மாற்ற அரைமணி ஆகும். அதனால் ஒரு கெட்ட வழக்கம் வந்தது. "இன்னைக்கு வேணாம் சிஸ்டர், தாங்காது" என்பார்கள் இவர்கள். நர்ஸ் சுடர்விழி மருந்தைத் தொட்டியில் கொட்டிவிட்டு, கொடுத்ததாக எழுதுவாள். வெட்கக்கேடுதான். அதை மூடி மறைப்பதற்கில்லை.

ஆறு மணிக்கு மூக்குக்குழாயில் பச்சையாகப் பொங்கி வந்தது. வென்டிலேட்டர் அலறியது. டாக்டர் ஓடிவந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"எறுகிப்போச்சு. மூச்ச முட்டுது. கொடல் கிழிஞ்சா ஆள் தங்கமாட்டாரு."

எனிமா கொடுத்தார்கள். ஒன்றும் வரவில்லை. எழுதிய மருந்து என்ன ஆயிற்று என்று டாக்டர் கேட்டபோது அஞ்சம்மாள் உள்ளதைச் சொன்னாள்.

ஏழரைக்கு மேனேஜர் அரிகிருஷ்ணன் ஒரு தாளுடன் வந்தார். மருந்தைத் தடுத்தது அஞ்சம்மாள், தவறு அவள் ஒருத்தியுடையது என்று அதில் அச்சாகியிருந்தது.

"கையெழுத்து போட்டுட்டுக் கெளம்பும்மா. போலீசு வரைக்கும் போவ வேணாம்."

"தடுத்தது நெசம் சார். ரெண்டு பேரால முடியலன்னு மூணு தடவ வந்து நின்னமே, அதையும் எழுதுங்க. போடறேன்."

"முடியலன்னா வேலைய விட்டுப் போயிருக்கணும்."

"போயிருந்தா இவர யாரு சார் பொரட்டியிருப்பா?"

சுடர்விழி தாளை வாங்கித் திருப்பினாள். வேலை போகும், படித்த படிப்பும் போகும். பின்பக்கத்தில், மருந்தைக் கொட்டியது தானே என்றும், ஆள் இல்லாததால் என்றும் எழுதிக் கையெழுத்திட்டாள். அடுத்து பாவாடை. கடைசியாக அஞ்சம்மாள். அதைக் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டு மூவரும் வெளியே போனார்கள். அங்கே கோவிந்தராசுவின் மனைவி ஜெயசித்ரா ஆறு நாளாக உட்கார்ந்திருந்தாள்.

கைப்பேசியை வாங்கி அவள் இருமுறை படித்தாள்.

"உசுரு இருக்கா?"

"இருக்கும்மா. மறுபடி எனிமா குடுக்கணும், ஒருக்களிச்சுப் புடிக்க ஆள் பத்தல" என்றாள் அஞ்சம்மாள்.

"ஒங்கள நான் மன்னிக்கல" என்றாள் ஜெயசித்ரா. எழுந்து புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "ஆள் கேட்டு அந்த மேனேஜரு ரூமுக்குப் போறப்ப என்னையும் கூட்டிக்கினு போங்க. இப்ப வாங்க, எங்க புடிக்கணும்னு சொல்லுங்க."