கூடையை இறக்காதவள்

ஹட்டன் மண்டபத்தின் மூன்றாவது வரிசையில் லெட்சுமி அண்ணி உட்கார்ந்திருப்பதைத் திரைச்சீலை இடுக்கில் பார்த்ததும் தனுஜா சட்டென்று பின்வாங்கினாள். வர வேண்டாம் என்று நேராகவே சொல்லியிருக்கலாம். "மழையா இருக்கு அண்ணி, ஹட்டன் பஸ்ல நிக்கக்கூட எடமிருக்காது" என்று சுற்றி வளைத்ததன் பலன் இது. அண்ணி வந்தது போதாதென்று தேயிலைத் தோட்டத்து லயத்தில் பக்கத்து வீடுகளில் இருக்கும் பெண்கள் நாலைந்து பேரையும் கூட்டி வந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் வேலாயி. தோட்டத்தில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அந்த வீட்டுக்காரருக்கு முன்னால் அதைத் தெரிந்து வைத்திருக்கும் அதே வேலாயி.

இன்னும் கொஞ்ச நேரத்தில் மேடையில் தனுஜா நிற்கப்போவது லெட்சுமி அண்ணியாகத்தான். அதை அவள் அண்ணியிடம் சொல்லவில்லை.

தனுஜாவின் அண்ணன் நிரோஷன் கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போனவன். சாரத்திலிருந்து விழுந்து செத்தான். ஃபோனில் வந்த அந்தச் சேதியைத் தூக்கிக்கொண்டு, லெட்சுமி கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த மலைக்கு ஓடியவள் தனுஜா. சாவுச் சேதி மலைக்கு வந்தால் கூடையை அந்த இடத்திலேயே போட்டுவிட்டு, தலையிலடித்துக்கொண்டு இறங்குவதுதான் அங்கே வழக்கம். வேலை வாங்கும் கங்காணிகூட ஒரு வார்த்தை சொல்லமாட்டார். லெட்சுமி கூடையை இறக்கவில்லை. சேதியைக் கேட்டாள். "இந்த நெரைய முடிச்சிட்டு வர்றேன்" என்றாள். அந்த வரிசைச் செடிகளைக் கிள்ளி முடித்தாள். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் மற்றவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று கொழுந்தை எடை போட்டாள். அதற்குப் பிறகுதான் லயத்துக்கு வந்தாள், கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல்.

'புருசன் செத்த சேதி வந்தும் கொழுந்து எடை போட்டவ' என்று அன்றைக்கு வேலாயி வைத்த பட்டம் ஒட்டிக்கொண்டது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனாலும் அந்தப் பேச்சுதான், பீலியில் தண்ணீர் பிடிக்க நின்றாலும் அந்தப் பேச்சுதான். லெட்சுமி யாருக்கும் பதில் சொன்னதில்லை. பதில் சொல்லாததையும் அவள் கல்நெஞ்சுக்காரி என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். மனிதர்கள் லேசுப்பட்டவர்களா!

தனுஜா தலவாக்கலையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இயக்குநர் ஜனார்த்தனன் சேரின் நாடகக் குழுவுக்குப் போவாள். இந்த நாடகத்தில் அவளுக்குத் தூரத்தில் கணவனைப் பறிகொடுக்கும் கொழுந்துக்காரி வேடம். முதல் ஒத்திகையில் நெஞ்சிலடித்துக்கொண்டு அழுது தீர்த்தாள். சேர் கையைக் காட்டி நிப்பாட்டினார்.

"இது நீ டீவியில பாத்த அழுகை. எனக்கு வேணாம். ஒனக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட கைய எடுத்துக்க. மொகத்தத் தொடாத. கை சரியா வந்தா மொகம் தானா வரும்."

அவளுக்குத் தெரிந்த கை ஒன்றே ஒன்றுதான். லயத்து வீட்டில் உள் அறையின் பலகைக் கதவைச் சாத்திக்கொண்டு, தலையணையைக் கூடை மாதிரி முதுகில் கட்டி, இல்லாத செடியில் இல்லாத கொழுந்தைக் கிள்ளிப் பழகினாள். விரல்கள் சும்மா ஆடினவே தவிர ஒன்றும் நடக்கவில்லை. "அவ ஏன் கூடைய எறக்கல? அது தெரியாமச் செஞ்சா வெறும் சேட்டை" என்று சேர் ஒத்திகைக்கு ஒத்திகை கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் சேதி சொல்லும் வசனத்தை மனதுக்குள் ஓடவிட்டபடி கிள்ளிக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று கையை நிறுத்தப் பயமாக இருந்தது. கை நின்றால் சேதி உண்மையாகிவிடும். நிற்காதவரைக்கும் அண்ணன் கொழும்பில் அந்தச் சாரத்தின் மேலேதான் நிற்கிறான். தனுஜா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணி அவ்வளவு நேரமும் அவனைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்! அடுத்த ஒத்திகை முடிந்ததும் சேர் வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். அது யாருடைய கை என்று அவரிடமும் அவள் சொல்லவில்லை.

அண்ணியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. ரொட்டி சுடும்போது ஆரம்பிப்பாள். "என்ன தனு?" என்று அண்ணி திரும்பினால், "மா ஒட்டுது அண்ணி" என்று முடித்துவிடுவாள்.

இப்போது வேலாயியும் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"சேர், அந்தக் கட்டத்த மாத்திக்கலாமா? மத்தவங்க மாதிரி அழுதுர்றேன்."

"வெளையாடுறியா? மணியடிச்சாச்சு."

"எங்க அண்ணி வந்திருக்காங்க சேர்."

"நல்லதுதானே" என்றார் அவர், தெரியாத பாவி.

மேடையில் வெளிச்சம் விழுந்தது. வசனங்கள் தவறவில்லை. தம்பி வேடம் போட்ட மதுரன் ஃபோனோடு ஓடிவந்தான். "அக்கா... மச்சான் போயிட்டாருக்கா!" தனுஜாவின் கை செடிக்குப் போனது. ஒரு கொழுந்து கிள்ளினாள். இன்னொன்று.

வேலாயி மேடையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மெல்லத் திரும்பி லெட்சுமியின் முகத்தைப் பார்த்தாள்.

அந்தத் திரும்பலில் தனுஜாவுக்கு நாளைய பெரட்டுப் பேச்சு முழுவதும் தெரிந்துவிட்டது. சொந்த நாத்தனாரே மேடையேற்றிச் சிரிக்க வைத்தாள் என்பார்கள். மறந்தவர்களுக்கும் நினைவு வரும். அவளால் தாங்க முடியவில்லை. கூடையைக் கழற்றி எறிந்தாள். கூந்தலை அவிழ்த்துவிட்டு நெஞ்சிலடித்துக்கொண்டு, "என்னைய விட்டுட்டுப் போயிட்டீங்களே!" என்று அலறி விழுந்தாள். மண்டபமே கரைந்தது. திரை விழுந்தும் கைதட்டல் ஓயவில்லை. சேர் அவளைப் பார்க்காமல் வசனத் தாள்களைச் சுருட்டிக்கொண்டு போனார். போகட்டும், அண்ணியைக் காப்பாற்றியாயிற்று என்று தனுஜா பெருமூச்சு விட்டாள்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. வேலாயி ஓடிவந்து அவள் கன்னத்தைப் பிடித்தாள். கிழவியின் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "பொம்பளைன்னா இப்பிடித்தான்டி அழுவணும்! ஈரக்கொலையே ஆடிப்போச்சு" என்றாள். லெட்சுமி வேலாயியையும் மற்றப் பெண்களையும் தலவாக்கலை பஸ்ஸில் இடம் பிடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டு, குடையைத் தனுஜாவின் தலைக்கு மேல் பிடித்தாள்.

"நீ தலகாணிய முதுகுல கட்டிக்கிட்டு கொழுந்து எடுத்தத, பலக இடுக்குல பாத்தேன்."

"அண்ணி, அது..."

"என் கை மாதிரியேதான் இருந்திச்சி. நான் ஏன் அப்பிடிச் செஞ்சேன்னு எனக்கே அப்பதான் வெளங்கிச்சி. வாயால சொல்ல எனக்கு வராது தனு. நீ காட்டிருவேன்னுதான் அவளுகளக் கெஞ்சிக் கூட்டியாந்தேன். வேலாயியப் பக்கத்துல ஒக்கார வச்சதே நான்தான்."

"ஒங்களுக்கு அவமானமாப் போயிருமேன்னுதான் அண்ணி..."

லெட்சுமி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை.

"இனி என்ன சொல்லுவாளுக? அவ நாத்தனாருக்கே தெரிஞ்சிருக்கு, எப்பிடி அழுவணும்னு."

பஸ் ஹார்ன் அடித்தது. வேலாயி ஜன்னலில் தலையை நீட்டி இரண்டு பேரையும் கூப்பிட்டாள். மேடையில் வந்ததைப் போல இல்லாமல், சத்தமே இல்லாத அழுகை ஒன்று தனுஜாவுக்குப் பொங்கி வந்தது. லெட்சுமி குடையை மடக்கிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தாள்.

"அழாத தனு. இன்னைக்கு அழுதது போதும்."